வளைவுகளில் மூடி வைத்த கதை

கண்டக்டரின் தோல்பை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பக்கம் சில்லறை, ஒரு பக்கம் டிக்கெட்டுக் கட்டு, நடுவில் பையை மூட விடாமல் பிதுங்கிக்கொண்டு ஒரு கதைப்புத்தகம். மலைக்குக் கீழே அவருடைய மச்சான் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வருகிற புத்தகங்களில், வயசுப் பிள்ளைகளுக்கென்று எழுதியவற்றை மட்டும் பொறுக்கித் துடைத்து, கொல்லிமலைக்கு ஏறுகிற எங்கள் பஸ்ஸில் கொண்டுவருவார். எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். ஆனாலும் அந்த பஸ்ஸில் நான் காதால் வாங்கிய கதைகளைப் போட்டு வைக்க வீட்டில் உள்ள குதிர் போதாது.

சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம்; வளப்பூர் நாட்டில் எனக்குக் கொஞ்சம் மிளகுக்கொடி, நாலைந்து பலா. தாத்தாவை அப்புச்சி என்று கூப்பிடும் என் மகள் வயிற்றுப் பேத்தி அப்போது கீழே விடுதியில் தங்கிப் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வரும் வெள்ளிக்கிழமைகளில் அவளை அழைத்துவருவது என் வேலை. பெரியவர் யாராவது வந்தால்தான் வார்டன் அம்மா பிள்ளைகளை விடுவார்கள். நான் பெருவிரல் ரேகை வைத்து அவளை வாங்கிக்கொள்வேன். மண்டிக்காரர்கூட என் மிளகு மூட்டையை அத்தனை கேள்வி கேட்டு வாங்கியதில்லை. அதே வகுப்பில் ஆலத்தூர் நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் சேர்த்து ரேகை. அவள் மெதுவாகப் பேசினாலே டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் கதை வாசிப்பது எப்போதும் அவள்தான்.

எங்கள் பஸ்ஸில் கதை படிப்பதற்கு ஒரு முறை உண்டு. அது சமதரையில் ஓடுகிற பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. காரவள்ளி வரைக்கும் நேரான ரோடு, கதையும் நேராக ஓடும். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவு தொடங்கும். வளைவில் எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றிக் குடலே வெளியே வந்துவிடும். கண்டக்டர் குரல் கொடுப்பார்: "மூடு சாமி, மூடு! நீங்க வாந்தி எடுத்தா பஸ்ஸ நாந்தான் கழுவோணும்." புத்தகம் மூடிக்கொள்ளும். ஆனால் வாய் மூடுமா? இனி என்ன நடக்கும், என்ன நடக்க வேண்டும் என்று பஸ்ஸே சேர்ந்து கதை கட்டும். பின்சீட்டில் பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்கூட ஆளுக்கொரு வழி சொல்வார்கள். உச்சியில் சோளக்காடு வந்து ரோடு நேரானதும் புத்தகத்தைத் திறந்து மிச்சத்தைப் படிப்பார்கள். அங்கேதான் அனேகமாக எல்லாக் கதையும் கவிழும். நாங்கள் கட்டிக்கொண்டு வந்ததில் பாதிகூட அதில் இருக்காது.

ஒரு கதையில் மலைப் பெண் ஒருத்தி யானையோடு பேசினாள். "எந்த மலைல அப்புச்சி யானை? நம்ம மலைல பஸ்ஸுதான் பிளிறுது" என்று பேத்தி சிரித்தாள். இன்னொன்றில் ஒரு பையனுக்குப் பெரிய துக்கம். அவன் அழுது முடிப்பதற்குள் வாத்தியார் ஒருவர் வந்து நீளமாகப் பேசினார், துக்கம் போய்விட்டது. பலாவை முற்றுவதற்கு முன்னால் வெட்டி, காம்பில் குச்சி அடித்துப் பழுக்க வைப்பார்கள். வாசனை ஆளைத் தூக்கும், சுளையை வாயில் போட்டால் சப்பென்று இருக்கும். எனக்கு அந்தக் கதைகள் அப்படித்தான் தோன்றின. எழுதினவர்களுக்குப் பிள்ளைகள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளை ஒரு நாழிகை கஷ்டத்தில் விட்டுவைக்க அவர்களுக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆனால் கண்டக்டருக்கு அந்த முடிவுகள்தான் உயிர். எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள் என்று வந்தால் போதும், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "ஏனுங்கண்ணா, இதுக்கெல்லாமா அழுவீங்க?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். "போங்க சாமி. நல்லது நடந்தா ஒங்களுக்குப் புடிக்காதே" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை விடுதி வாசலில் பேத்தி தகரப்பெட்டியோடு நின்றாள். இரண்டு நாள் விடுமுறைக்குப் பெட்டி எதற்கு என்று பார்த்தேன். பாயும் தலையணையும்கூடக் கட்டியிருந்தது.

"நா இனி வரலீங்க அப்புச்சி" என்றாள். ஏன் என்று கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ஏறினோம்.

அன்றைக்கு வாய்த்த கதையும் ஒரு மலைப் பெண்ணின் கதையாக இருந்தது. பட்டணத்து விடுதிக்கு அவள் படிக்கப் போகிறாள். பாடம் புரியவில்லை. எழுந்து கேட்டால் அவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிக்கிறது. ராத்திரி போர்வைக்குள் அழுகிறாள். ஆலத்தூர்ப் பெண் அந்த இடத்தைப் படித்தபோது, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த என் பேத்தி மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். அப்போது காரவள்ளி வந்துவிட்டது.

"மூடு சாமி!"

வளைவுகளில் யோசனைகள் பறந்தன. "முட்டாயி வாங்கிக் குடுத்தா எல்லாஞ் சேந்துக்குவாங்க" என்றார் கண்டக்டர். "அவளுங்க பாயில பூனைக்காலிச் சொணையத் தேச்சு உடோணும். சொறியறதுக்கே நேரம் போதாது, அப்பறம் எங்க சிரிக்கறது?" என்றேன் நான். பஸ் குலுங்கியது. பேத்தி மட்டும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு மூடிய புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சுற்றுகிறது போல என்று விட்டுவிட்டேன்.

சோளக்காடு தாண்டியதும் அவளே புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தை வாசித்தாள். பள்ளி ஆண்டு விழா. அந்தப் பெண் மேடையேறிப் பாடுகிறாள். கைதட்டல் அடங்கவே இல்லை. சிரித்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். முற்றும்.

கண்டக்டர் கண்ணைத் துடைத்தார். பேத்தி அட்டையை அப்படியும் இப்படியும் புரட்டினாள், பின்னால் இன்னும் ஏதோ இருக்கும் என்பது போல.

"எனக்குப் பாட வராதுங்களே" என்றாள். "அப்ப நா என்ன பண்றது?"

பெட்டி எதற்கு வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்டக்டர் எதையோ சொல்ல வாயெடுத்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆலத்தூர்ப் பெண்தான் பேசினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சின்னக் குரலில். "எனக்குந்தான் பாடம் புரியல. கேட்டாச் சிரிப்பாங்கன்னு நானும் கம்முன்னு உக்காந்திருக்கறேன்."

"நீயா? பொய் சொல்லாத புள்ள! ஒனக்கு எல்லாம் தெரியும்னு நா நெனச்சேன்."

"நீ தலைய ஆட்டிக்கிட்டே எழுதறயே, ஒனக்குத் தெரியும்னு நா நெனச்சேன்."

"தெரியாததுக்குத்தான் தலைய ஆட்டறது!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள். அப்புறம் பிடித்த சிரிப்பில், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர் இறங்க மறந்துவிட்டார். சிரித்து ஓய்ந்த பேத்தி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இத எழுதினவரு அந்த விடுதில ஒரே ஒரு மலைப் புள்ளயத்தான் வெச்சிருக்காருங்க அப்புச்சி. பக்கத்துல இன்னொருத்திய உக்கார வெச்சிருந்தா பாட்டே வேண்டியதில்ல."

"ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிச்சுக் கேப்பமா?" என்றாள் மற்றவள்.

"கேப்போம். சிரிச்சா நாமளும் சேந்து சிரிச்சுரலாம்."

அவர்கள் அப்படியே செய்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. சனி, ஞாயிறு முழுக்க அந்தத் தகரப்பெட்டி வீட்டு மூலையில் கட்டு அவிழாமல் கிடந்தது. நான் கேட்கவும் இல்லை. திங்கள் விடிகாலை முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டபோது, பேத்தி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ரோட்டில் நின்றிருந்தாள். ஆலத்தூர்ப் பெண் உள்ளேயிருந்து இடம் போட்டுவைத்துக் கத்தினாள்.

கண்டக்டர் முகம் வாடியிருந்தது. பெட்டியை வாங்கி வைத்தவர் பையை மட்டும் கையால் மறைத்துக்கொண்டார்.

"புஸ்தகம் இருக்குதுங்களாண்ணா?"

"வேண்டாஞ் சாமி. நா கொண்டாந்தாலே ஒங்களுக்கு ஆவறதில்ல."

"நல்லா இல்லாட்டிப் போகுதுங்க, குடுங்க. நாமளே கதை கட்டறதுக்குத்தான் வளைவு இருக்குதுல்ல."

"எறங்கறப்ப சோளக்காடு வரைக்கும் இருட்டு, அப்பறம் வளைவுதான கண்ணு? படிக்கவே முடியாதே!"

"அட்டையப் பாத்தே ஆரம்பிச்சுக்கறோம்" என்று கையை நீட்டினாள்.

அவர் கொடுத்துவிட்டார். அட்டையில் ஒரு பெண், ஒரு சைக்கிள், பின்னால் ஏதோ ஒரு வீடு. சைக்கிள் அவளுடையதா, திருடியதா என்பதில் முதல் வளைவிலேயே சண்டை தொடங்கிவிட்டது. திருடியதுதான் என்று டிரைவர் சொன்னார். சேச்சே, அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு வாதாடினார். காரவள்ளி வந்து ரோடு நேரானபோது, அந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பு எங்களில் யாருக்கும் வரவில்லை.