நம்ம காம்பரா எது?

தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக்குக் கை ஒரு செடியில் இருந்தால் கண் அடுத்த செடியில் இருக்கும். மலைக்குப் போகிற தாய்மாரே, உங்களுக்கும் அப்படித்தானே? நாங்கள் மாமனார் மாமியாரோடு தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவில், ஒற்றை அறையில், சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் குடியிருந்தோம். தனிக் காம்பரா கிடைத்த பிறகுதான் சந்தோஷம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் வாய் திறந்து கேட்க வெட்கம். கூடை நிறைந்தால் அவரே பார்த்துக் கொடுப்பார் என்று ஓடி ஓடி எடுத்தேன்.

பல்லு

பத்து மணிக்குப் பால் கொடுக்க விடுவார்கள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவேன். மகள் லெச்சுமியை மடியில் போட்டுக்கொண்டே, எந்த நிரையை முடிக்கலாம் என்று யோசிப்பேன். ஒருநாள் அவள் வாய்க்குள் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. கல்லை வாயில் போட்டுக்கொண்டாள் என்று அலறிவிட்டேன். ஆயா செல்லம்மாக்கா விரலை விட்டுப் பார்த்தாள். "கல்லா? பல்லுடி! முளைச்சு நாலு நாளாச்சு. கடி வாங்கியுமா தெரியல ஒனக்கு?"

சிவப்புக் கம்பளி

லெச்சுமி பிறந்தபோது என் அண்ணன் தலவாக்கலையில் ஒரு சிவப்புக் கம்பளி வாங்கித் தந்தார். புதுக் காம்பராவுக்கு என்று பெட்டியில் பூட்டினேன். ரெண்டு வருசக் குளிரையும் மூன்று பேரும் ஒரு ஓட்டைக் கம்பளியை இழுத்துப் பறித்தே கழித்தோம். காம்பரா கிடைத்த அன்று காலையில் பெட்டியைத் திறந்தேன். கம்பளி நடுவில் ஒரு குழி, அதில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "விடு புள்ள, எலியாச்சும் குளிராம இருந்துச்சே."

நம்ம காம்பரா

அன்று சாயங்காலம் மகளைப் புதுக் காம்பரா வாசலில் இறக்கிவிட்டேன். "இதாண்டி நம்ம காம்பரா." அவள் உள்ளே கால் வைக்கவில்லை. "இது வேணாம், நம்ம காம்பராவுக்குப் போவோம்" என்று அழுதாள். தாத்தா வீட்டைக் கேட்கிறாளாக்கும் என்று அங்கே கூட்டிப்போனேன். அங்கேயும் அழுகை. என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியவள் பிள்ளைக் காம்பரா வாசலில்தான் நின்றாள். அழுகையும் நின்றது.

நான் வாசலிலேயே நின்றேன். அவளோ உள்ளே ஓடித் தன் பாயைக் காட்டினாள், தகரக் கோப்பையைக் காட்டினாள். கோப்பைக்குக்கூட ஒரு பேர் வைத்திருந்தாள். பெற்றவளுக்கு அது தெரியாது. பெருக்கிக்கொண்டிருந்த செல்லம்மாக்கா நிமிர்ந்தாள். "என்னடி, விருந்தாளி மாதிரி வாசல்ல நிக்கிற? உக்காரு. எடமா இல்ல?"

மகளோடு அந்தப் பாயில் உட்கார்ந்த இடத்திலேயே இருட்டிவிட்டது. புதுக் காம்பராவில் பால் காய்ச்ச வேண்டிய நல்ல நேரம் தப்பிப்போச்சு என்று மாமியார் இன்னும் திட்டுகிறார். நல்ல நேரம் தப்பவில்லை என்று சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.