கல்பனா சொன்ன கடலைச் செடி

போன வாரம் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடைக்காரர் பெருங்காய டப்பாவின் மூடியைத் திறந்தார். எனக்குப் பொறாமை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். சிலருக்கு மல்லிகை வாசனையில் பழைய காதல் ஞாபகம் வரும். எனக்குப் பெருங்காயத்தில் கல்பனாவின் சாப்பாட்டு டப்பாதான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆராய்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்கும் ஓர் அலுவலகத்தில் தமிழுக்கு நானும் கல்பனாவும் என்று இரண்டு பேர். எந்த ஆராய்ச்சிக்கு எதற்காகப் பணம் கொடுத்தோம் என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சுருக்கமாக எழுத வேண்டும். அது புத்தகமாக வரும். முதலில் மாதிரிக்கு ஒரே ஆராய்ச்சியை இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள்.

நான் புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் தமிழில் முதல் மார்க். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அப்பா கடலை விளையும் செய்யாற்றுப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு டெல்லி வந்தவர். கஷ்டப்பட்டுச் சேர்த்த சொற்களைச் சும்மா விடுவேனா? ‘நிலக்கடலை இலைப்புள்ளி நோய் எதிர்ப்புத்திறன் குறித்த மரபியல் ஆய்வுக்கான நிதிநல்கை’ என்று ஆரம்பித்தேன். முற்றுப்புள்ளி வர அரைப் பக்கம் ஆயிற்று.

கல்பனா மயூர் விஹார்க்காரி, டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. அதனால் மதியம் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அவள் சொல்லச்சொல்ல, அவளுடையதையும் நான்தான் எழுதினேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நீளமாகப் பேச முடியாதல்லவா!

“அச்சா, எழுதிக்கோங்கோ. கடலைச் செடி இலையில கறுப்பா புள்ளி விழறது. செடி வாடிப்போயிடறது. சிலதுல மட்டும் விழமாட்டேங்கறது. ஏன்னு பாக்க பணம் குடுத்திருக்கோம்.”

“இவ்வளவுதானா?”

“வேற என்ன இருக்கு அதுல? மாவடு வேணுமா?”

இரண்டு தாளையும் அன்று வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தமிழைக் கேட்டுச் சிரிப்பார் என்று ஆசை. என்னுடையதற்கு எப்போதும்போல, “பெரிய படிப்புடா” என்றார். அவளுடையதற்கு, சாய்ந்திருந்தவர் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ நல்லா கீற செடிலேர்ந்து வெதெ எடுத்துக் குடுப்பாங்களாடா?”

விஞ்ஞானிகள் மூன்று வருஷம் தேடப்போவது அதைத்தான். அப்பா ஒரு நொடியில் அங்கே போய்விட்டார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டது.

மறுநாள் இயக்குநரின் மேஜையில் இரண்டு தாளும் இருந்தன. இரண்டும் என் கையெழுத்தில்; எதிலும் பெயர் இல்லை. அவர் கறுப்புப் புள்ளித் தாளை எடுத்தார்.

“தம்பி, இதுதான் வேணும். புத்தகம் முழுக்க நீங்களே எழுதிடுங்க.” பிறகு தாளை மோந்து பார்த்து, “என்ன, பெருங்காயமா?” என்றார்.

தலையாட்டினேன். பெருங்காயத்துக்குத்தான் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கல்பனாவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். “முபாரக்!” என்று இந்தியில் வாழ்த்தி, “நீங்கதானே எழுதினேள்” என்று மனசாரக் கை கொடுத்தாள். அந்த மனசைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

இப்போது அந்தப் பிரிவே இல்லை. அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ, தெரியாது. எளிமையாக எழுதுகிறேன் என்று என்னைப் புகழ்கிறார்கள். அப்பா இருந்தவரை, எழுதிய ஒவ்வொன்றையும் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். “நல்லா கீதுடா” என்பார். கேள்வி கேட்டது அந்த ஒரு தடவைதான்.