ஹம்பிள் இல்லாத மனு

அழகேசனின் விரல்களுக்குத் தனியாக ஒரு புத்தி இருந்தது. அரியலூர் ஸ்டேஷனுக்கு எதிரே, மரப்பெட்டிமேல் பழைய டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, இருபத்தெட்டு வருஷமாக ஊராருக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தவர் அவர். எந்த மனுவானாலும் முதல் வரியிலேயே 'ஹம்பிள்' என்ற சொல் விழுந்துவிடும். அதை அடித்து அடித்தே அவர் கழுத்து வளைந்துவிட்டதோ என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஒரு குமாஸ்தா வேலை கேட்டு அவரே பதினோரு முறை அப்படி எழுதிப் போட்டவர். ஒன்றுக்கும் பதில் இல்லை.

1946 சித்திரையில் சாமிதுரை வந்தான். இருபத்தாறு வயது. பண்ணைக் கூலிகளின் மகன். யுத்தத்துக்குப் போய் பர்மா எல்லையில் ரோடு போட்டுத் திரும்பியவன். அவன் தெருவில் கிணறு கிடையாது. ஊர்க்கிணற்றில் அவர்களை விடமாட்டார்கள். அவன் மனைவி ஆண்டாயி, ஏழு மாத வயிற்றோடு, சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம்வரை ஒன்றரை மைல் நடந்து கலங்கல் தண்ணீர் சுமந்து வருவாள். பிள்ளை பிறக்குமுன் தெருவுக்கு ஒரு கிணறு வேண்டும். தாலுக்கா ஆபீசுக்கு அதுதான் மனு.

எழுதியதைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னான் சாமிதுரை. முதல் வரியிலேயே கையை நீட்டி நிறுத்தினான்.

"அது என்னங்க, ஹம்பிள்?"

"பணிவுன்னு அர்த்தம்ப்பா. தாழ்ந்த நிலையில இருக்கிறவன்னும் அர்த்தம். ரெண்டுக்கும் அதே சொல்லுதான்."

"பணிவா நேர்ல நிப்பேங்க. தாழ்ந்தவன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா? எடுத்துடுங்க."

"வழக்கம்ப்பா இது! ஜமீந்தாரு கவர்னருக்கு எழுதினாலும் போடுறாரு."

"அவரு மேலேருந்து இறங்கி வந்து சொல்றாருங்க. நான் எங்கேருந்து இறங்குறது?"

அழகேசன் முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் மனு திரும்பி வந்தது. 'உரிய முறையில் எழுதப்படவில்லை.'

"சொன்னேனா இல்லியா? பெரிய பட்டாளத்துக்காரன்!" என்று அழகேசன் கத்தினார்.

பள்ளத்துக்குப் போகும் வழியில் வந்து நின்ற ஆண்டாயி குடத்தை ணங்கென்று வைத்தாள். "அந்த வார்த்தைய எழுதுனாத்தான் தண்ணி வரும்னா, ரெண்டு தடவ எழுதுங்க! இந்தாளு வீராப்ப மொண்டு குடிக்க முடியுமா?"

சாமிதுரை ஹம்பிள் போட்ட மனுவில் கையெழுத்திட்டான். அழுத்திய அழுத்தத்தில் பேனா முள் தாளைக் கிழித்தது.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. பத்து மாதம் சுமந்த அந்தத் தாய், பிஞ்சு உடம்பில் முதன்முதலாக ஊற்றியது அதே பள்ளத்துக் கலங்கலைத்தான்! ஆடியில் பதில் வந்தது. 'இப்போது பரிசீலிக்க இயலாது.' ஒரே வரி.

அழகேசன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். இருபத்தெட்டு வருஷமாக எத்தனை பேரை இப்படிக் குனிய வைத்திருப்பார்! "நான்தான்ப்பா உன்னைக் கெடுத்தேன்" என்றார்.

"இன்னொண்ணு எழுதுங்க. குனிஞ்சு போன மனுவும் திரும்பி வந்துடுச்சு. இது நின்னுக்கிட்டே போயிட்டு வரட்டும்" என்றான் சாமிதுரை.

தாளை மாட்டினார். விரல்கள் தாமாகவே ஓடி அந்தச் சொல்லை அடித்தன. உருவிக் கிழித்தார். தாள் கிடைக்காத காலம் அது. இரண்டாவது தாளிலும் அதன் முதல் எழுத்து விழுந்துவிட்டது. பாவி விரல்கள்! மூன்றாவது தாளை மாட்டி, மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரல் ஒன்றால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். ஒரு ரயில் வந்து நின்று, கிளம்பியும் போயிற்று. இன்னும் முதல் வரி முடியவில்லை. கண்ணீர் வந்து எழுத்துகளை மறைத்தது.

"இன்னும் எம்புட்டு நேரமாவுங்க?" என்றாள் ஆண்டாயி. குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "நீங்க எழுதுங்க. நான் பள்ளத்துக்குப் போயிட்டு வந்துடுறேன்."