கண்டக்டரின் மெதுவான பயணிகள்

குப்பை வண்டி வரும் காலைகளில் நர்ஸம்மா வீட்டுக் குப்பைத்தொட்டி தானாகவே வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. வயிற்றில் அறுவை சிகிச்சை ஆகி, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று அவள் படுத்திருந்த நாட்கள் அவை. வண்டி போனதும் காலித் தொட்டி பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். காக்கை கிளறாதபடி மூடியின்மேல் ஒரு செங்கல்லும் இருக்கும். செங்கல் வைக்கிற பழக்கம் அந்தத் தெருவில் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் ஒருவருக்குத்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் சுவரோரம் நின்று கேட்டுவிட்டாள். "எனக்கென்னம்மா தெரியும்? அதுக்குத்தான் சக்கரம் இருக்குதே, போயிட்டு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது அவ்வளவு சுலபமில்லை.

நர்ஸம்மாவுக்குப் பெரும்பாலும் இரவு டியூட்டி. பகலில்தான் கண்ணை மூட வேண்டும். கண்டக்டரோ பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய விசில் இன்னும் ஓய்வு பெறவில்லை. கொய்யா மரத்தில் அணில் ஏறினால் ஒரு விசில். "படியில தொங்காதே. ஒண்ணு உள்ள போ, இல்ல கீழ இறங்கு" என்று அதற்கு ஒரு அதட்டல். துணி காயும் கொடியில் காக்கைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தால் போச்சு. "முன்னாடி காலியாத்தானே இருக்கு, நகரு நகரு" என்பார். அவை நகரவும் நகரும், அதுதான் ஆச்சரியம். நர்ஸம்மா தலையணையைக் காதில் பொத்திக்கொண்டு, 'சாமி, இந்த மனுஷனுக்கு நீண்ட ஆயுளைக் குடு, அந்த விசிலுக்கு மட்டும் வேண்டாம்' என்று வேண்டிக்கொள்வாள்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மாலைப்பொழுது என்றால் அது சூப்பர் மார்க்கெட்தான். ஒரு சோப்பு வாங்கக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். வாங்குவது ஒரு சாக்கு. பில் போடுகிற இடத்தில் வரிசை கோணலாக நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கைக்குழந்தைக்காரியை முன்னால் விடுவார், நடுவில் நுழைகிறவனை வாலுக்கு அனுப்புவார், கூடையைத் தரையில் வைத்துவிட்டுப் போன் பேசுகிறவரைத் தோளில் தட்டி எழுப்புவார். கடையின் ஆள் என்று நினைத்து உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பௌர்ணமிதான். கண்டக்டர் வேலைக்கால தோல் பையைக் கக்கத்தை விட்டு இறக்கவே மாட்டார். பையை வெளியே வைக்கச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோன வாசல் காவலாளி, கடைசியில் அவருக்குச் சல்யூட் அடிக்கவே தொடங்கிவிட்டார்.

அந்தப் பையில்தான் நத்தைகள் வந்து ஏறின.

மழைக்காலம் பிறந்தால் இரண்டு வீட்டுத் தோட்டத்திலும் நத்தை மயம். கண்டக்டருக்கு உயிரைக் கொல்ல மனசு வராது. படைத்தவன் அனுப்பிய பயணியை வழியிலேயே இறக்கிவிட நாம் யார் என்பார். ஆகவே ஆரம்பத்தில் பொறுக்கி எடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் மெல்ல விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நர்ஸம்மாவின் அவரைப் பந்தல். கொழுந்தெல்லாம் சல்லடையாகிப் போன ஒரு காலையில் அவரைக் கையும் நத்தையுமாகப் பிடித்துவிட்டாள்.

"ஏண்ணே, என் வீடு என்ன உங்க டெப்போவா?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். மறுநாளிலிருந்து தோல் பையில் இரண்டு கீரை இலையைப் போட்டு, பயணிகளை அதில் ஏற்றி, சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற புதர்க்காட்டில் கொண்டுபோய் இறக்கிவிடத் தொடங்கினார். நர்ஸம்மாவின் அவரையும் தழைத்தது. பந்தலைக் காப்பாற்று என்ற தன் வேண்டுதல் பலித்தது என்று தினமும் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

போன வாரம் அடித்த பேய்மழையில் புதர்க்காடு குளமாகிவிட்டது. தண்ணீரில் விட்டால் மூழ்கிப்போகுமே என்று, வடிகிற வரைக்கும் காத்திருக்கலாமென பையோடு கடைக்குள் போனார் கண்டக்டர். காய்கறித் தட்டில் தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பில் வரிசையில் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்றைக்கும் இறக்காத பையை முட்டைக்கோஸ் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு ஓடினார். பழைய பை, மூடியின் பித்தான் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. நத்தைக்கு அவசரம் தெரியாது என்பார்கள். ஆனால் கண்டக்டர் ஒரு வரிசையை ஒழுங்குபடுத்துகிற நேரம் அதற்குத் தாராளம்.

சண்டையைத் தீர்த்து, பையைத் தோளில் மாட்டி, சோப்புக்குப் பில் போட்டு அவர் வாசலை நெருங்கியபோது உள்ளே ஒரு பெண் வீறிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், நத்தையை முட்டைக்கோஸில் மறைக்க முடியுமா? ஒன்றைத் தூக்கினால் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

மேனேஜர் இளைஞர். வந்த வேகத்தில் காய்கறி அடுக்குகிற பெண்ணைப் பிடித்துக்கொண்டார். கழுவி அடுக்கத்தானே சம்பளம், கண்ணை எங்கே வைத்திருந்தாய், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் பொரிந்து தள்ளினார். அந்தப் பெண் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

சாமான் வாங்க வந்து வரிசையில் நின்றிருந்த நர்ஸம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். கண்டக்டர் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தானே திறக்கும் கண்ணாடிக் கதவு அவருக்காகத் திறந்தது. அவர் நகராததால் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. ஒரு எட்டு வைத்தால் தெரு. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சொன்னால் இந்தக் கடை அவருக்கு இனி இல்லை. அது அவருக்கும் தெரியும், நர்ஸம்மாவுக்கும் தெரியும்.

கதவு மூன்றாம் தடவை மூடியபோது கண்டக்டர் உள்பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ண விடுங்க. அதெல்லாம் என்னோடது. என் பையில வந்ததுங்க."

மேனேஜர் நம்பவில்லை. பெரியவர் இரக்கப்பட்டுப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்து, "உங்களுக்கு நல்ல மனசு ஐயா. ஆனா இதுல தலையிடாதீங்க" என்றார்.

கண்டக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. முட்டைக்கோஸிலிருந்து ஒரு நத்தையை எடுத்து, அதன் ஓட்டை மேனேஜரின் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஓட்டின் உச்சியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, கேட்டுக்கு அடித்த பெயிண்ட். "டிக்கெட் குடுக்காம நான் யாரையும் ஏத்தறதில்ல தம்பி. இறக்கிவிட்டது திரும்பி வருதான்னு தெரிய வேணாமா?"

கடையே சிரித்தது. மேனேஜர் குனிந்து தட்டைப் பார்த்தார். வெள்ளைப் பொட்டுகள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் சிவப்பு. அது என்ன சிவப்பு என்று கேட்டார். கண்டக்டர் நர்ஸம்மா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது பக்கத்து வீட்டுப் பயணிங்க. அவங்க தூங்கற நேரத்துல பொறுக்கறது."

நர்ஸம்மா கூடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் மேலே பார்த்துக் கும்பிட்டதில் தப்பில்லை. ஆனால் பக்கத்திலும் பார்த்திருக்கலாம்.

கண்டக்டர் நத்தைகளையெல்லாம் பொறுக்கிப் பையில் ஏற்றிக்கொண்ட பிறகு மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். ஐயா இனிமேல் கடைக்குள் வரக்கூடாது. அந்தப் பெண்ணை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை முதலாளியிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும். கண்டக்டர் தலையாட்டினார். காவலாளி பாவம், சல்யூட் அடிப்பதா கூடாதா என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நேற்று மாலை நர்ஸம்மா கடைக்குக் கிளம்பும்போது கண்டக்டரும் கூடவே வந்தார். வழியெல்லாம் ஒரு விசில்கூட இல்லை. கடை வாசலில் தள்ளுவண்டிகளை மாட்டி வைத்திருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று அவள் கேட்டாள். கதவு அவளுக்காகத் திறந்து காத்திருந்தது. கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, உள்ளே காய்கறித் தட்டு இருக்கும் பக்கமாக எட்டிப் பார்த்தார். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. அந்தப் பொண்ணு நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."