மூன்று பர்னஸுக்கும் பாடு போட்டேன்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அந்த ஐந்தாவதிலும் பாதி நாள் ஏரியில்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரும்பு உருக்கும் பெரிய தொழிற்சாலையில், பட்டம் வாங்கியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்த மேசை முன்னால் எழுந்து நின்று, கரண்டை இப்படிச் செலவழியுங்கள் என்று சொன்னவன் நான். சொன்னது பலித்தது. இன்றைக்கும் அங்கே நான் போட்ட முறைதான் ஓடுகிறது. ஆனால் அது பலித்ததற்கு நான் ஒருவன் மட்டும் காரணமில்லை. அதை எழுதாமல் விட்டால் நான் உப்புப் போட்டுச் சோறு தின்கிறவன் இல்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. மனைவி லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். இரண்டாவது குழந்தை பிறந்த வருஷம் ஏரியில் இறால் சரியாக இல்லை. பொன்னேரிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து கம்பெனி வண்டி ஏறி, இரும்பு ஊற்றும் அச்சுகளுக்கு மணல் அள்ளும் வேலைக்குப் போனேன். அள்ளியவன் அள்ளிக்கொண்டே இருந்துவிடவில்லை. கண்ணும் காதும் எனக்குக் கொஞ்சம் கூர்மை.

தொழிற்சாலையில் காற்றுக்கூட சும்மா கிடைப்பதில்லை. கம்ப்ரஸர் என்ற மிஷின் கரண்டைத் தின்று காற்றை அழுத்திக் குழாயில் அனுப்புகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் போவது காற்றில்லை, கரண்ட். இரைச்சலில் அந்த ஓட்டை யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும். கடலில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, காம்பில் காதை வைத்துக் கத்தாளை மீன் கூட்டம் எங்கே கத்துகிறது என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். அதே மாதிரி ஒரு மூங்கில் கழியைக் குழாய்மேல் வைத்து மறுமுனையில் காதை வைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஷெட் முழுக்க ஓட்டைகளுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டேன்.

அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கரண்டுச் செலவைக் குறைப்பதற்கென்றே கம்பெனி வைத்த இன்ஜினியர் அவர். நாற்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க ஐயா" என்றார். கம்பெனிக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஆபீசுக்குள் எனக்கு நாற்காலி காட்டிய முதல் ஆள் அவர். அன்றிலிருந்து நான் அவர் குழுவில் ஒருவன்.

அந்த நேரத்தில்தான் பெரிய பிரச்சினை வந்தது. எங்களிடம் மூன்று பர்னஸ். பர்னஸ் என்றால் இரும்பைக் கரண்டிலேயே உருக்குகிற ராட்சசப் பானை. வாசலில் இருக்கும் மீட்டர், அரைமணிக்கு ஒருதரம் எவ்வளவு இழுத்தோம் என்று கணக்கெடுக்கும். மாதம் முழுக்க அடக்கமாக இருந்துவிட்டு ஒரே ஒரு அரைமணி, எங்களுக்கு அனுமதித்த அளவைத் தாண்டினாலும் போதும், அந்த மாதத்துக்கே கெட்ட பெயர், அபராதம். நாங்கள் ஒவ்வொரு மாதமும் தாண்டிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒரு மாதம் தாண்டினால் மூன்றாம் பர்னஸை மூடிவிடுவது என்று மேலே முடிவெடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் பர்னஸில் வேலை பார்த்த முப்பது பேரில் பெரும்பாலானவர்கள் எங்கள் குப்பங்களிலிருந்து நான் கூட்டி வந்தவர்கள். மீன் கிடைக்காத நாளில், "வாங்கடா, நான் இருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லிக் கூட்டி வந்தேன். பர்னஸை மூடினால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள்தான்.

மேடம் மூன்று பர்னஸ் போர்மேன்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். எல்லாரும் ஷிப்ட் ஆரம்பித்ததும் ஒரே நேரத்தில் பர்னஸை முழு வேகத்தில் போடுகிறீர்கள், அதனால்தான் மீட்டர் எகிறுகிறது என்றார். யாராவது ஒருவர் தாமதமாக ஆரம்பியுங்கள் என்றார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பானையில் இரும்பு போடவும் உருகினதை எடுக்கவும் இருப்பது ஒரே கிரேன்; முந்தி உருக்கியவனுக்கு முந்தி அது கிடைக்கும், அவன் டன் கணக்கு ஏறும். அதனால் மூன்று பேரும் ஒன்றாக உருக்கி, ஒன்றாகக் கிரேனுக்குக் காத்து நிற்பார்கள். உருகின இரும்பு சும்மா நின்று சூட்டை இழக்கும். அதைச் சூடாக வைத்திருக்க மறுபடியும் கரண்ட். இதை அவர்களும் அறிவார்கள். ஆனால் விட்டுக்கொடுப்பது யார்?

எனக்கு அந்தச் சண்டை புதிதாகத் தெரியவில்லை. ஏரியில் இறாலுக்குக் குச்சி நட்டு வலை கட்டுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாக் குடும்பமும் ஒரே நாளில் அங்கே போனால் வெட்டுக்குத்துதான். அதற்காக எங்கள் பெரியவர்கள் வைத்ததுதான் பாடு. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைப்பார்கள். உன் முறை வரும்வரை நீ கரையில் இரு. உன் முறையில் எவனும் உன் இடத்தைத் தொடமாட்டான்.

எழுந்து சொன்னேன். அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஒரு நேரத்தில் இரண்டு பர்னஸ் மட்டும் முழு வேகம், மூன்றாவது சூடு காத்துக்கொண்டோ ஊற்றிக்கொண்டோ இருக்கட்டும், அடுத்த அரைமணி ஆளை மாற்றலாம் என்றேன். முதல் பர்னஸ் போர்மேன், என் வயதுக்காரன், வாயில் வெற்றிலையோடு சிரித்தான்.

"இன்னா அண்ணாத்தே, ஏரியில எறா புடிக்கிறதும் இரும்ப உருக்கறதும் ஒண்ணா?"

"ரெண்டுலயும் பேராசைக்காரன் நீதான் முன்னாடி நிக்கிற," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, முழுக்கச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்லப் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, இது சரியாக வரும் என்றார். என் ஹெல்மெட்டைக் கழற்றி அதில் சீட்டுப் போட்டு யாருக்கு முதல் பாடு என்று எடுத்தோம். ஒவ்வொரு பர்னஸ் ஷெட்டிலும் ஒரு கரும்பலகை மாட்டி முறையை எழுதினேன். என் கையெழுத்து கோணல்தான். ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது.

மூன்று வாரம் ஓடியது. மீட்டர் அளவுக்குள்ளேயே நின்றது. கிரேனுக்குக் காத்து நிற்பதும் குறைந்தது. நான் ஷெட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அந்த நிமிர்ந்த நெஞ்சுதான் தப்புச் செய்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டாலோ உடம்பு முடியாமலோ ஒருவனுக்குப் பாடு தவறினால், அப்புறம் ஒரு நாள் அவனுக்கு ஈடு கொடுப்பார்கள். ஊர்ப் பெரியவர் வாயால் சொன்னால் போதும். குப்பத்தில் ஒருவர் காதில் போட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லார் காதிலும் இருக்கும்.

மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை கிரேன் நின்றுவிட்டது. மேற்கொண்டு இரும்பு போட முடியாமல், இரண்டாம் பர்னஸ் பாதி உருகின இரும்போடு தன் பாட்டை இழந்தது. கிரேன் சரியானதும் அந்த போர்மேன் வந்து கேட்டான். ஊர்ப் பெரியவர் மாதிரியே கையை உயர்த்தி, சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கொள் என்று ஈடு கொடுத்துவிட்டேன். பலகையில் எழுதவில்லை. முதல் பர்னஸ்காரனுக்கும் மூன்றாம் பர்னஸ்காரனுக்கும் சொல்லவில்லை. கம்பெனி குப்பமில்லை, ஷெட்டுக்கு ஷெட் நூறடி, நடுவில் காது கிழிகிற இரைச்சல் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவரவர் பாட்டுப்படி முதலாவதும் மூன்றாவதும் முழு வேகத்தில் ஏறின. நான் கொடுத்த ஈட்டில் இரண்டாவதும் ஏறியது.

மேடம் செல்போனைக் கையில் பிடித்தபடி ஷெட்டுக்கு ஓடிவந்தார். மீட்டர் கணக்கு அதில் தெரியும். மூன்றும் ஒன்றாக ஏறியிருக்கிறதே, எப்படி என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்தான் மேடம் என்றேன்.

அவர் திட்டவில்லை. "அரைமணி முடிய இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. இப்பவே ஒரு பர்னஸ் எறங்கினா தப்பிச்சுடலாம். எது எறங்கும்?" என்றார்.

இரண்டாவதை இறக்க முடியாது. காலையிலிருந்து பாதி உருகி நிற்கிறது, இனி கரண்டை நிறுத்தினால் மேலே உறைந்து பானையே வீணாகும். முதல் பர்னஸுக்கு ஓடினேன். வெற்றிலைக்காரன் பலகையைக் காட்டினான். இது என் பாடு, உன் கையால எழுதினது, நான் ஏன் எறக்கணும் என்றான். அவன் சொன்னது நியாயம். பாட்டின் சட்டமே அதுதான். உற்பத்தி மேனேஜர் அன்று வெளியூர், போன் எடுக்கவில்லை. போர்மேனுக்கு உத்தரவு போட மேடத்துக்கு அதிகாரமில்லை.

மூன்றாவதற்கு ஓடினேன். அதன் போர்மேன் ஆந்திர எல்லையில் எளாவூருக்கு அந்தப் பக்கத்துக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். அவனுடைய இரும்பு ஊற்றுகிற பதத்தை நெருங்கியிருந்தது. இப்போது இறக்கினால் சூடு தவறும், அச்சில் ஊற்றுவது பாதி வீணாகும். மூடப்போகிற பர்னஸ் இதுதான் என்று ஏற்கெனவே பேச்சு. அதில் வீண் உருக்கு வேறா? இவ்வளவும் தெரிந்துதான் கேட்டேன். என் தப்பு என்றும் சொன்னேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"எறக்கறேன் அண்ணா. வீணா போனா போவட்டும், மறுபடி உருக்கிக்கலாம். ஆனா மேல போயி இது யார் தப்புன்னு நீதான் சொல்லணும். என் ஆளுங்க தலையில வெக்காத."

"சொல்றேன்," என்றேன்.

அவன் கை பட்டதும் பர்னஸின் உறுமல் தணிந்தது. மேடம் ஓடிப்போய் அச்சு மணல் கலக்கும் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். ஆனாலும் அவர் போனைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். கம்ப்ரஸர் ஒன்றை நிறுத்தலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது முதல் பர்னஸின் உறுமலும் தணிந்தது. வெற்றிலைக்காரன் வாசலில் வந்து நின்றான்.

"அவனே எறக்கிட்டான், நான் மட்டும் பேராசைக்காரனா நிக்கிறதா? எனக்கும் ஒரு ஈடு எழுது. வாயால சொல்லாத, பலகையில எழுது."

எழுதினேன். அரைமணி முடிந்தபோது மீட்டர் அளவுக்குக் கீழே நின்றது. எவ்வளவு கீழே என்று கேட்காதீர்கள், ஒரு மயிரிழைதான்.

மறுநாள் நானே மேலாபீசுக்குப் போனேன். எவனிடமும் தலைகுனிந்து பழக்கமில்லாதவன் நான். ஈடு கொடுத்தது நான், பலகையில் எழுதாதது நான், மூன்றாம் பர்னஸ் உருக்கில் பாதி வீணானதற்கும் நானே காரணம், அந்த போர்மேன் நான் கேட்டதும் இறக்கியிருக்காவிட்டால் மீட்டர் தாண்டியிருக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற மேடம், முறை சரிதான், அதில் ஒரு வரிதான் விட்டுப்போயிருந்தது என்றார். ஈடு என்றால் பலகையில் எழுதி, மூன்று போர்மேன்களும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்று அந்த வரியைத் தாளில் எழுதி நீட்டினார்.

மாத முடிவில் மீட்டர் தாண்டவில்லை என்று கணக்கு வந்தது. மூன்றாம் பர்னஸை மூடுகிற பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது யாராவது என்னைப் பாராட்டினால் வாங்கிக்கொள்கிறேன், மறுப்பதில்லை. பாடு என் மூளைதான். ஆனால் நாற்காலி காட்டியவர் ஒருவர், நியாயம் தன் பக்கம் இருந்தும் இறங்கி வந்தவன் ஒருவன், உருக்கு வீணாகும் என்று தெரிந்தே இறக்கியவன் ஒருவன். இந்த மூன்று பேரும் இல்லாவிட்டால் என் மூளை கரையில் கிடக்கிற கிழிந்த வலைதான்.

பர்னஸை மூடவில்லை என்ற சேதி தெரிந்த அன்று மூன்றாம் பர்னஸுக்குத்தான் முதலில் போனேன். எங்கள் குப்பத்து ஆட்கள் முகத்தில் வியர்வையோடு அச்சுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போர்மேன் காதில் சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றினான். பிறகு, "வேலை போவலன்னு எங்க நைனாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன், நீ இங்க பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனான். அவன் திரும்பி வரும்வரை நான் அங்கேயே நின்று பர்னஸைப் பார்த்துக்கொண்டேன்.