மேசைமேல் ஒரு குவியல்

பிள்ளைகளா, நேற்று கூரியரில் வந்த புத்தகத்தை நடுவில் படாரென்று விரித்தீர்கள். நான் பதறிக் கத்தினேன். அதன் முதுகு உடைந்துவிடும் என்பது ஒரு காரணம்தான். எழுந்த புதுத்தாள் வாசனை இன்னொன்று. உங்களுக்கு அது தாளின் வாசனை. எனக்கு அதோடு, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையும் சேர்ந்து மணக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தின் பின்னறையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த காலம் அது. வாசகர் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வந்திறங்கும் புத்தகங்களைக் காதர் அண்ணன் பதிவேட்டில் ஏற்றுவார். எந்த அலமாரிக்கு என்று பார்த்துச் செல்வி அக்கா முதுகு எண் போடுவார். கடைசியில் நான் முத்திரை குத்தி, தேதிச் சீட்டு ஒட்டுவேன். ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ரகசியமாக இன்னொரு முத்திரை. முன்பக்கத்தைக் கிழித்துவிட்டு யாரும் தன் புத்தகம் என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த ரகசியம் தெரிந்திருப்பதே பெரிய உத்தியோகமாகப் பட்டது.

வேலை மேசை விட்டு மேசை நகர வேண்டும். வெள்ளிக்கிழமை காதர் அண்ணன் தொழுகைக்குப் போனால் அக்கா சும்மா இருப்பார். அக்காவின் கல்லிடைக்குறிச்சி பஸ் தாமதமானால் என் பசை காய்ந்துவிடும்.

அப்போதுதான் புதிய நூலகர் அம்மா வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் காதைக் கடித்தார். குறைத்தால் முதல் தலை தற்காலிகக்காரனுடையது. உங்களில் மூத்தவள் அப்போது உங்கள் அம்மா வயிற்றில் இருந்தாள்.

காதர் அண்ணன்தான் வழி சொன்னார். "ஏலே, மேசை காலியா கெடந்தா ஆளு எதுக்குன்னு கேப்பாவ. குவியல் கெடக்கட்டும். பைய ஒட்டு."

"பசை காஞ்சிருமே அண்ணே."

"காயட்டும்லே. நீ காயாம இருந்தாப் போதும்."

"ரெண்டு பேரும் சேந்து என்னையும் கவுத்துராதீய," என்றார் அக்கா. ஆனாலும் அவர் கையும் மெதுவானது.

குவியல் சன்னலை மறைத்தது. எங்களுக்கு நிம்மதி. ஒருநாள் அந்த அம்மா எழுந்துவந்து அதன்மேல் கை வைத்தார்.

"இது வேலை கூடிப் போனதால இல்ல. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக் கெடக்கதால. நாளையிலருந்து புஸ்தகத்த எடுத்தவங்களே கடைசிவரை முடிக்கணும். மூணு பேரும் மூணு வேலையும் படிச்சுக்கிடுங்க."

காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பசைச் சட்டியைப் பார்த்தேன்.

அக்கா எனக்கு எண் போடச் சொல்லிக் கொடுத்தார். காதர் அண்ணன் ஒட்டிய சீட்டைப் பார்த்து அக்கா, "என்ன அண்ணாச்சி, பஸ்ஸுல தூங்குத ஆளு மாதிரில்லா சரிஞ்சு கெடக்கு!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குவியல் குறையக் குறையப் பயம் கூடியது. என் கையே என் நாற்காலியை இழுப்பதுபோல இருந்தது.

சன்னல் முழுதாகத் தெரிந்த அன்று அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். கையில் பசையோடு போய் நின்றேன்.

"முன்னால கவுண்டர்ல ஆள் பத்தல. காலையில அங்க, மத்தியானம் இங்க. சரியா?"

"என்னைய நிறுத்தலையாம்மா?"

"மூணு வேலையும் தெரிஞ்ச ஆள எதுக்குய்யா நிறுத்தணும்?"

நான் நேரே கைகழுவும் தொட்டிக்குப் போய், முகத்தையும் சேர்த்துக் கழுவினேன்.

யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் காதர் அண்ணன் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை, அக்கா போனபின் அவர் நாற்காலிக்கும் அப்படியே. இப்போது புத்தகங்கள் கடைக்காரரிடமிருந்தே எண்ணும் பார்கோடும் ஒட்டி வருகின்றன. பின்னறையில் கம்ப்யூட்டர்களுக்கான யு.பி.எஸ். பெட்டிகள் இரைகின்றன. ஐம்பத்தொன்றாம் பக்கத்தை யாரும் தேடுவதில்லை. நான் முழுநேரமும் கவுண்டரில். அங்கேயும் மேசை வெறுமையாகிவிட்டால் இரண்டு புத்தகங்களையாவது எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இன்று நீங்கள் பள்ளிக்குப் போனபின் உங்கள் புத்தகத்தின் முதுகை மேசையில் ஊன்றி, முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என்று மாற்றி மாற்றி, இனி விரித்தாலும் உடையாதபடி பைய அழுத்திவிட்டேன். பிறகு ஐம்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் உங்கள் இருவர் பெயரையும் பென்சிலால் சிறிதாக எழுதி மூடி வைத்தேன்.