பத்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு முன்பல்

கச்சேரியில் வாசிப்பு பிடித்துப்போனால் அவருடைய மீசை நகரும். நாக்கை மேல் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் துழாவுவார். பார்ப்பவர்களுக்கு மீசைக்குள் ஏதோ சின்னப் பிராணி நடை பழகுவதுபோல் இருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி அதைப் பார்த்துவிட்டு, பல்லில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து, இருட்டு அரங்கில் கைப்பையைக் கிளறி ஒரு பல்குச்சியை நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்து மீசையை நகர்த்தினார். வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதெல்லாம் கச்சேரி எப்படி என்று நண்பர்கள் அவரைக் கேட்பதில்லை. மனைவியைத்தான் கேட்பார்கள்: "அண்ணி, மீசை நகர்ந்துச்சா?"

அவருக்குத் தொழில் பல் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கும் லேபில் உட்கார்ந்து பல்லைச் செய்து அனுப்புகிறவர். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் கைவேலையால்தான், ஆனால் சிரிக்கிறவர்கள் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. நண்பர்கள் வைத்த பெயர் பல்லண்ணன்.

அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான், வேதியியலில் பட்டம். பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத படியெல்லாம் ஏறிவிட்டு, கடைசியில் கிடைத்தது பல் லேபில் மாவு குழைக்கும் வேலை. "கெமிஸ்ட்ரி படிச்சா பல்லு முளைக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது கேலியா பெருமையா என்பதை இவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜாஸ் இசை அவரைத் தேடி வந்ததும் அந்த லேபில்தான். பல்லைத் தேய்க்கும் சின்ன மோட்டார் நாள் முழுக்க ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். ரேடியோவில் எந்தப் பாட்டை வைத்தாலும் மோட்டார் அதை விழுங்கிவிடும். ஒருநாள் ஏதோ ஒரு நிலையத்தில் சாக்ஸபோன் வந்தது. அது மோட்டாரோடு சண்டை போடவில்லை. மோட்டாரின் இரைச்சலையே தரையாக வைத்துக்கொண்டு அதன் மேல் நடந்தது. அவர் மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். பாட்டு கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது. திரும்பப் போட்டார். அன்றைக்குப் பல் கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்துபோனது.

அதற்கப்புறம் ஊரில் ஜாஸ் வாசிக்கும் இடங்களைத் தேட ஆரம்பித்தார். எழுதுபொருள் கடையின் அடித்தளம், சலவைக்கடை மாடியிலிருந்த கூடம், ஒரு ஹோட்டல் வரவேற்பறையின் மூலை. இவ்வளவுதான் மொத்தச் சொத்து. கேட்க வருகிறவர்கள் எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றினால் ஜன்னல் சீட்டுக்கு யாரும் சண்டை போட வேண்டியிருக்காது. அப்படிப்பட்ட ஒரு மாலையில், வாசித்தவர்களைவிடக் கேட்டவர்கள் கொஞ்சமே அதிகம் என்ற நிலையில், ஒரு பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் சாக்ஸபோன் வாசித்தார். முடிந்து படியேறும்போது முன்னால் போன மருந்துக்கடைக்காரப் பெண் திரும்பி நின்றாள்.

"இவ்வளவு நல்லா வாசிச்சாங்க. நாளைக்கு எந்தப் பேப்பர்லயாவது ஒரு வரி வருமா சொல்லுங்க."

"வராது."

"அப்ப இது நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியும்."

"நாம போய்ட்டா?"

அந்த வாரக் கடைசிக்குள் ஊரின் ஜாஸ் கச்சேரிகளுக்கென்று ஒரு வலைப்பூ பிறந்துவிட்டது. சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது, ஓசி டிக்கெட் கிடையாது. எழுதுகிறவரும் வாசலில் காசு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஊரில் எங்கே ஜாஸ் வாசித்தாலும் ஒரு குறிப்பாவது போட்டுவிட வேண்டும். மருந்துக்கடை என்றே எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண் திருத்துவாள், ஒரு கூரியர்காரர் படம் எடுப்பார், மற்றவர்கள் முறைவைத்து எழுதுவார்கள்.

அவர் எழுதிய முதல் கட்டுரையில் பிரபஞ்சம் மூன்று இடத்தில் வந்தது. மருந்துக்கடை மூன்றையும் வெட்டிவிட்டாள்.

"பிரபஞ்சம் வேணாம்ணே. ட்ரம்ஸ்காரர் லேட்டா வந்தாரே, அதை ஏன் எழுதலை?"

"அது ஒரு விஷயமா?"

"அவர் வர்ற வரைக்கும் டீச்சர் தனியா வாசிச்சாங்களே, அதுதானே அன்னைக்குக் கச்சேரியே."

அவருக்குச் சுருக்கென்றது. அந்தப் பெரிய வார்த்தைகளையெல்லாம் தான் எங்கே பொறுக்கினோம் என்று பல நாள் யோசித்தார். படித்தவன் என்று காட்டிக்கொள்ளத்தான் எழுதினோமா? அப்பா இதை வாசித்திருந்தால் ஒரு வரியாவது புரிந்திருக்குமா? இந்த இசையைப் பற்றி எழுத நாம் யார் என்ற கேள்வி அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்து போகவே இல்லை. ஆனால் ட்ரம்ஸ்காரர் தாமதமாக வந்தால் அதை எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று புரிந்தது. அதிலிருந்து அவர் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதினார். நன்றாகவே எழுதினார்.

வலைப்பூவுக்குப் பத்து வயது நிறைவதை ஒட்டி சலவைக்கடை மாடியில் ஒரு கச்சேரி வைப்பதென்று முடிவானது. யார் வாசிப்பது என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர்தான். முதல் குறிப்பே அவரைப் பற்றியதுதானே.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டீச்சர் போனில் கூப்பிட்டார். பேச்சு காற்றாக வந்தது.

"தம்பி, முன்பல்லு போச்சு."

"விழுந்துட்டீங்களா டீச்சர்?"

"விழுந்திருந்தாக் கூடப் பரவாயில்லை, கௌரவமா இருந்திருக்கும். ரீடு பாக்கெட்டை வாயால கடிச்சுப் பிரிச்சேன்."

ரீடு என்பது சாக்ஸபோனின் முனையில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை. அது வரும் பிளாஸ்டிக் உறை கத்திரிக்கோலுக்கே மசியாது. மேல் முன்பல் பாதியில் உடைந்துவிட்டது. அந்த வாத்தியத்தை வாசிக்கிறவர்கள் மேல் முன்பற்களை மவுத்பீஸ் என்ற கறுப்பு ஊதுமுனையின் மேல் அழுத்தி வைத்துத்தான் ஊத வேண்டும். பல் இல்லையென்றால் வாசிப்பும் இல்லை.

"வேற யாரையாவது வச்சுக்கோங்க தம்பி."

"நான் எதுக்கு இருக்கேன் டீச்சர்? டாக்டர்கிட்ட அச்சு எடுத்து என் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவர் வாழ்நாளில் செய்த பல்லிலேயே அழகான பல் அது. நிறம் பார்த்துக் குழைத்து, தூரிகையால் மெல்ல மெல்லப் பீங்கான் ஏற்றி, சூளையில் சுட்டு, மினுக்கி எடுத்தார். உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லைத்தான் மாதிரியாக வைத்துக்கொள்வது தொழில் வழக்கம். கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பதுபோல் செய்தால் போதும். டாக்டர் அதைத் தற்காலிகப் பசையால் ஒட்டிப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தப்ப இந்தப் பல்லு இருந்திருந்தா வரிசையில நின்னுருப்பாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் ஒத்திகை. டீச்சர் வாசித்தார். சுத்தமாக இருந்தது. இஸ்திரி போட்டு மடித்த சட்டைபோல் ஒரு சுருக்கம் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார்.

"யாரோ என் சாக்ஸபோனை எடுத்து வாசிக்கிறாங்க தம்பி. யாருன்னு தெரியலை."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சரின் அந்தப் பல் நேரான பல் இல்லை. உள்பக்கமாகச் சாய்ந்து, ஒரு மூலை கொஞ்சம் நீண்டிருக்கும். மவுத்பீஸ் அதனால் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காரும். காற்று ஓரமாகக் கசிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு பெருமூச்சுபோல் ஏதோ வரும். அந்தப் பெருமூச்சைப் பற்றி அவரே எத்தனை முறை எழுதியிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்து பத்து வருஷம் அந்த வாயைப் பார்த்தவர், பல்லைச் செய்ய உட்கார்ந்ததும் அதைத் திருத்திவிட்டார்.

"பழையபடி செஞ்சு தர்றேன் டீச்சர்."

"பழையபடின்னா எப்படி இருந்துச்சு?"

அதுதான் தெரியவில்லை. உடையும் முன் டீச்சர் எந்தப் பல் டாக்டரிடமும் போனதில்லை, பழைய அச்சு கிடையாது. வலைப்பூவில் படங்கள் குவிந்து கிடந்தன. மருந்துக்கடையும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஒரு படத்திலாவது பல் தெரியவில்லை. எல்லாவற்றிலும் டீச்சர் வாயில் சாக்ஸபோன் இருந்தது.

"பத்து வருஷத்துல ஒருத்தருக்கும் இவங்க சிரிக்கிறப்ப படம் எடுக்கத் தோணலையே" என்றாள் மருந்துக்கடை.

"சிரிச்சா கையால வாயை மூடிக்குவாங்க. பல்லு கோணல்னு வெக்கம்."

"நல்லா வெக்கப்பட்டாங்க போங்க. இப்ப நாம மாட்டிக்கிட்டோம்."

அவர் ஞாபகத்தை வைத்து ஒன்று செய்துபார்த்தார். ஒத்துவரவில்லை. இன்னொன்று செய்தார். டீச்சர் ஊதிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஹெட்மாஸ்டர் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை ஒரு மாற்று ஏற்பாட்டுக்காக ஒரு பியானோக்காரரிடம் பேசி வைத்தாள். அது தெரிந்ததும் அவர் அன்று சாப்பாட்டில் கையே வைக்கவில்லை.

டீச்சர் சாக்ஸபோனைப் பெட்டியோடு பல்லண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மனைவி நகராட்சி நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். எதையும் தொட்டுப் பார்க்காமல் விடுகிற சுபாவம் இல்லை. பெட்டியைத் திறந்து மவுத்பீஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஏங்க, இதை எலி கடிச்சிருக்கா?"

"எதை?"

"மேல பாருங்க, குழி குழியா."

அவர் வாங்கிப் பார்த்தார். கெட்டி ரப்பரால் ஆன முனை. அதன் மேல் பக்கத்தில் அருகருகே இரண்டு பள்ளம். ஒன்று நேராக, ஆழமில்லாமல். மற்றது சாய்வாக, ஒரு மூலை மட்டும் ஆழமாக. டீச்சர் அந்த மவுத்பீஸை மாற்றியதே இல்லை. இத்தனை காலம் அந்தக் கோணல் பல் அழுத்தி அழுத்தி, தன் அச்சைத் தானே எடுத்து வைத்திருந்தது.

"ஏம்மா" என்றார்.

"சொல்லுங்க."

மவுத்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு செருப்புப் போடாமல் லேபுக்கு ஓடினார். மனைவி செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பள்ளத்தில் பசையைக் குழைத்து ஊற்றி, கெட்டியானதும் உரித்தெடுத்தார். பல்லின் நுனி அப்படியே வந்தது: சாய்வு, நீண்ட மூலை, எல்லாமும். அதைப் பார்த்துப் பல் செய்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. கை தானாக நேராக்கப் பார்த்தது. தேய்க்கும்போதெல்லாம் ஒரு மூலையை மழுக்கிவிடத் துடித்தது. "விடுடா, விடுடா" என்று தன் கையையே அதட்டிக்கொண்டு தேய்த்தார். டாக்டர் அதை ஒட்டும்போது, "இதைச் செஞ்சது யாருன்னு கேட்டா என்னைக் கைகாட்டாதீங்க" என்றார்.

விழா அன்று சலவைக்கடை மாடியில் நாற்காலி போதவில்லை. கீழே இஸ்திரி நீராவி மேலே ஏறி ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் வியர்த்திருந்தன. மருந்துக்கடை கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தாள். டீச்சர் எழுந்து மவுத்பீஸை வாயில் வைத்தார். பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. முதல் சுரத்துக்கு முன்னால் அந்தப் பெருமூச்சு வந்தது.

பின்வரிசையில் யாரோ "வந்துட்டாங்க" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது.

அதற்கப்புறம் நடந்ததை வந்திருந்த எல்லோரும் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். மெதுவாகப் போக வேண்டிய மெட்டை டீச்சர் வேகமாகப் பிடித்தாராம், ட்ரம்ஸ்காரர் பின்னால் ஓடினாராம், ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து ஒன்றாக எடுத்தார்களாம். முடிந்ததும் டீச்சர் வாயை மூடாமல் சிரித்தார். கூரியர்காரர் அதைப் படமெடுத்துவிட்டார்.

இந்தக் கச்சேரியைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சே எழவில்லை. பல்லண்ணன்தான் எழுதுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார். உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தான் எதையும் கேட்கவே இல்லை என்று. கச்சேரி முழுக்கப் பல் ஆடுகிறதா, பசை தாங்குமா, மூலை சரியா என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சுரம் ஒன்றுகூட மனசில் இல்லை. கேட்காததை எழுதலாமா? மற்றவர்கள் சொன்னதைக் கோத்து எழுதினால், மறுபடியும் பிரபஞ்சத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, பக்கத்தைத் திறந்தா ஒண்ணையும் காணோம்."

"எழுத உக்காந்தா பல்லுதான் டீச்சர் வருது."

"அப்ப பல்லைப் பத்தி எழுதுங்க."

"நான் செஞ்சதை நானே எப்படிப் புகழ்றது?"

"திட்டி எழுதுங்க. எனக்கென்ன."

"வேற யாராவது எழுதட்டுமே டீச்சர்."

"அதெல்லாம் கிடையாது. இத்தனை வருஷத்துல ஹோம்வொர்க் வராம நான் ஒருத்தனையும் விட்டதில்லை. எப்பக் குடுத்தாலும் வாங்கிக்குவேன். ஆனா நீங்கதான் குடுக்கணும்."

அதற்குப் பிறகு வலைப்பூவில் எத்தனையோ குறிப்புகள் வந்துவிட்டன. பல அவர் எழுதியவை. டீச்சரின் அடுத்த கச்சேரிக்கும் போனார், கேட்டார், எழுதினார். ஊரில் நடந்த எந்தக் கச்சேரியையும் விடாத அந்த வலைப்பூவில், அதன் சொந்த விழாவுக்கு மட்டும் இன்னும் எழுத்து இல்லை. மருந்துக்கடை அந்தப் பக்கத்தை நீக்கவும் விடவில்லை, வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் இல்லை. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, டீச்சர் வாய் திறந்து சிரிக்கும் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.